டோனர் கல்லீரல் அறுவைக்குப் பின் வலி: இஎஸ்பி பிளாக் இருந்தால் எபிடியூரல் வேண்டாமா?

முதுநிலை_மயக்கம் | 4 மார்ச் 2025, இரவு 10:12

கல்லீரல் தானம் செய்பவர்களுக்கு வலது லோப் எடுக்கும் திறந்த அறுவை, ஜே கீறல். எபிடியூரல் (முதுகுத்தண்டு உறைக்கு வெளியே நுண்குழாய், அதாவது கதீட்டர், வைத்து மரப்பு மருந்து ஓட்டுவது) போடுவதை யூனிட்டில் நிறுத்தியாயிற்று. மயக்கம் கொடுத்ததும் ஒருக்களித்துப் படுக்கவைத்து டி8 (எட்டாவது மார்பு முள்ளெலும்பு) மட்டத்தில் இருபுறமும் இஎஸ்பி (முதுகுத் தசைக்கு அடியில் ஊசி போடும் எரெக்டர் ஸ்பைனே பிளாக்), பக்கத்துக்கு 20 மி.லி. 0.2% ரோபிவகெயின் என்ற மரப்பு மருந்து. பிறகு ஃபென்டனில் பிசிஏ (நோயாளியே பொத்தானை அழுத்தி வலி மருந்து எடுத்துக்கொள்ளும் பம்ப்). பலர் ஐசியூவுக்கு வரும்போது நன்றாக இருக்கிறார்கள், நள்ளிரவுக்கு மேல் வலி பத்துக்கு 8க்குப் போகிறது. சிலருக்குக் கண் விழித்ததிலிருந்தே வலி.

இஎஸ்பி எபிடியூரலுக்குச் சமம், ஊசி போடும் கையில்தான் கோளாறு என்று நினைக்கிறேன். அப்படியானால் எதைத் திருத்த வேண்டும்?

நரம்புத்தடம் | 4 மார்ச், இரவு 11:05

சமம் இல்லை. இதில் தெளிவு வந்தால்தான் மற்றதைப் பேச முடியும்.

எபிடியூரலில் மருந்து இருபக்க நரம்பு வேர்களையும் நேரடியாக நனைக்கிறது. தோல், தசை, பெரிட்டோனியம் (வயிற்றின் உட்சவ்வு), உள்ளுறுப்பு வலியைச் சுமந்து வரும் சிம்பதெடிக் இழைகள் எல்லாம் சேர்ந்தே அடங்கும். இஎஸ்பியில் மருந்து விழுவது டிரான்ஸ்வர்ஸ் புராசஸுக்கு (முள்ளெலும்பின் பக்கவாட்டு நீட்சி) பின்புறம், எரெக்டர் ஸ்பைனே தசைக்கு அடியில். அங்கிருந்து முன்னால் கசிந்து நரம்பு வெளியே வரும் பாராவெர்டிப்ரல் இடத்துக்குள் போனால்தான் வயிற்றுச் சுவருக்குப் பலன். 2016ல் ஃபொரெரோ குழு இந்த பிளாக்கை முதலில் விவரித்தது நெஞ்சுக்கூட்டு நரம்பு வலிக்காக. 2018ல் இவானுசிக் குழு சடலங்களில் சாயம் ஏற்றிப் பார்த்தது. சாயம் முன்பக்கம் போகவில்லை, முதுகுப்பக்கக் கிளைகளோடு நின்றுவிட்டது. வேறு சில ஆய்வுகளில் எபிடியூரல் இடம்வரை பரவியதும் உண்டு. நடைமுறையில் காண்பதும் இதுதான்: அதே கை, அதே அளவு, அதே மட்டம். ஒருவருக்கு மார்புக்குக் கீழிருந்து தொப்புள்வரை மரக்கும், அடுத்தவருக்கு முதுகு மட்டும் மரக்கும். கண் விழித்ததிலிருந்தே வலி என்கிறீர்களே, அவர்களில் பலர் இந்த இரண்டாம் வகை.

டோனர்களிடமே நடந்த ஆய்வும் இருக்கிறது. 2019ல் சியோலில், லேப்ராஸ்கோபி டோனர்களுக்கு இருபக்க ஒற்றை ஊசி இஎஸ்பியையும் முதுகுத்தண்டு நீரில் கொடுக்கும் மார்பினையும் ஒப்பிட்டார்கள். இஎஸ்பி மார்பினுக்குக் குறைந்ததல்ல என்று நிறுவ முடியவில்லை, முதல் 24 மணி நேர வலி இஎஸ்பி பக்கம்தான் கூடுதல். வாந்தியும் அரிப்பும் மார்பின் பக்கம் கூடுதல்.

நள்ளிரவு வலி தனிக் கதை. காலை 9 மணிக்குப் போட்ட 0.2% ஊசி இரவுக்குள் தேய்ந்துவிடும். கை எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் தேயும். ஊசியைத் திருத்தி அதைச் சரிசெய்ய முடியாது; ராத்திரிக்கு என்ன வைத்திருக்கிறோம் என்பதைத்தான் திருத்த வேண்டும்.

நரம்புத்தடம் | 4 மார்ச், இரவு 11:31

ஒன்று விட்டுப்போயிற்று. "வலி 8" என்று மட்டும் சார்ட்டில் எழுதினால் எதுவும் தெரியாது. எங்கே என்று கேளுங்கள். வலது தோள்பட்டையா, கீறலின் நடுக்கோடா, கீறலின் வலது நுனியா, டிரெயின் (வடிகுழாய்) வெளியே வரும் விலாப்பக்கமா, அல்லது "உள்ளே ஏதோ அழுத்துது" என்கிறாரா? ஐந்துக்கும் நரம்பு வேறு, மருந்தும் வேறு.

அதோடு ஸ்பிரிட் பஞ்சால் தொட்டுக் குளிர் தெரிகிறதா என்று பாருங்கள். எந்த இடம் எந்த நரம்பு என்றால் (டி மார்பு, எல் இடுப்பு): முலைக்காம்பு டி4, நெஞ்செலும்பின் கீழ்நுனி டி6, தொப்புள் டி10, தொடை இடுக்கு எல்1. மேலிருந்து கீழாக, நடுக்கோட்டுக்கு அருகில் ஒரு முறை, அக்குள் நேர்கோட்டில் ஒரு முறை, இரண்டு பக்கமும். குளிர் தெரியாத பரப்பை வயிற்றுப் படமாகவே வரைந்து வையுங்கள். இரண்டே நிமிட வேலை. இது செய்யாமல் பிளாக் வேலை செய்தது, செய்யவில்லை என்று சொல்வது வெறும் அபிப்பிராயம்.

முதுநிலை_மயக்கம் | 5 மார்ச், காலை 6:50

இன்று காலை பார்த்தேன் சார். முன்னால் நடுக்கோட்டில் டி6 முதல் டி9 வரை குளிர் தெரியவில்லை. அக்குள் கோட்டில் தெரிகிறது. வலி கீறலின் வலது நுனியிலும் டிரெயினிலும்.

நரம்புத்தடம் | 5 மார்ச், மதியம் 2:20

அப்படியானால் கீறலைப் பற்றிப் பேசியாக வேண்டும்.

மாக்குச்சி என்ற சர்ஜனின் ஜே கீறல் நெஞ்செலும்பின் கீழ்நுனியிலிருந்து நடுக்கோட்டில் இறங்கி, தொப்புளுக்கு மேலே வலப்பக்கம் திரும்பி, விலாப்பக்கம் நோக்கிப் போகிறது. மேல் பாதி டி6, டி7, டி8. திரும்பும் இடமும் கிடைக்கோடும் டி9, டி10. வலது நுனி முன் அக்குள் கோடுவரை போனால் அங்கே தோலுக்கு உணர்வு தருவது நரம்பின் பக்கவாட்டுத் தோல் கிளை. அந்தக் கிளை நடு அக்குள் கோட்டுப் பக்கமே பிரிந்து வெளியே வந்துவிடும். அது பிரிந்த இடத்துக்கு முன்பக்கமாக, வயிற்றுச் சுவரின் உள் அடுக்கில் எங்கே ஊசி போட்டாலும் அந்த நுனி மரக்காது.

அதனால்தான் சப்காஸ்டல் டாப் பிளாக் (விலா விளிம்புக்குக் கீழே வயிற்றுச் சுவர்த் தசை அடுக்குகளுக்கு நடுவே போடும் ஊசி) நடுப்பகுதியைப் பிடித்து ஓரத்தை விட்டுவிடுகிறது. மருந்து ரெக்டஸுக்கும் (முன் நெடுந்தசை) டிரான்ஸ்வர்ஸஸுக்கும் (உள் குறுக்குத் தசை) நடுவில் போகிறது. பக்கவாட்டுக் கிளை அதற்கு வெகு முன்பே பிரிந்துவிட்டது. 2021ல் எல்ஷர்க்காவி குழு விவரித்த எக்ஸ்டர்னல் ஆப்ளிக் இன்டர்காஸ்டல் பிளாக், சுருக்கமாக இஓஐ, இந்த ஓட்டையை அடைக்கவே வந்த மாதிரி இருக்கிறது. ஆறாவது விலா எலும்பு மட்டத்தில், காரை எலும்பின் நடுக்கோட்டுக்கும் முன் அக்குள் கோட்டுக்கும் இடையில், எக்ஸ்டர்னல் ஆப்ளிக் (வெளிச் சாய்வுத்) தசைக்கும் விலாவிடைத் தசைக்கும் நடுவே மருந்து. முன்பக்கக் கிளையும் பக்கவாட்டுக் கிளையும் சேர்ந்து அடங்கும், ஏறத்தாழ டி6 முதல் டி10 வரை.

போடும் விதம்: மல்லாந்த நிலை, கையைச் சற்று விலக்கி வைக்க வேண்டும். அல்ட்ராசவுண்டின் லீனியர் பிரோபை ஆறாவது விலாவின் மேல் சாய்வாக நிறுத்துங்கள், மேல்நுனி நடுப்பக்கம் பார்க்க, கீழ்நுனி வெளிப்பக்கம் பார்க்க. திரையில் மேலிருந்து தோல், கொழுப்பு, எக்ஸ்டர்னல் ஆப்ளிக், விலாவிடைத் தசை, அதற்கடியில் மினுங்கி அசையும் புளூரா (நுரையீரல் உறை). ஊசி மேலிருந்து கீழ்நோக்கி, விலா எலும்பையே தடுப்புச் சுவராக வைத்துக்கொண்டு போக வேண்டும். எலும்பில்லாத இடைவெளிக்கு மேல் நுனியை நிறுத்தாதீர்கள். ஒரு இருமல் போதும் புளூராவைக் குத்த. 1 மி.லி. உப்பு நீர் விட்டால் தசை விலாவிலிருந்து உரிந்து மெல்லிய கருங்கோடாகத் திறக்கும். தசை மட்டும் உப்பினால் நீங்கள் தசைக்குள் இருக்கிறீர்கள், இன்னும் அரை மி.மீ. உள்ளே. திறந்ததும் 20 மி.லி.

ஜே கீறலுக்கு வலப்பக்கம் முழு அளவு. இடப்பக்கத்தை ஒதுக்க முடியாது, ஏனென்றால் நடுக்கோட்டுக் கீறலின் இடது விளிம்புக்கு இடது நரம்புகள்தான். ஆனால் அங்கே ரெக்டஸ் உறைக்குள் 10 மி.லி. போதும். இரு பக்கமும் 20, 20 என்று கண்ணை மூடிக்கொண்டு போட வேண்டியதில்லை. மிச்சமாகும் மருந்து பின்னால் வேறு இடத்தில் தேவைப்படும்.

வயிற்றறுவை | 5 மார்ச், இரவு 9:40

அறுவை சிகிச்சை பக்கத்திலிருந்து ஒரு கேள்வி. எபிடியூரல் ஓடிய காலத்தில் கல்லீரலைப் பிளக்கும்போது சிவிபி (மையச் சிரை அழுத்தம்) 5க்குக் கீழே தானாகவே நின்றது, ரத்தமும் குறைவு. மறுநாள் காலை நோயாளி உட்கார்ந்து இருமினார். இவ்வளவு நல்ல விஷயத்தை ஏன் கைவிடுகிறீர்கள்?

நரம்புத்தடம் | 6 மார்ச், காலை 7:15

உட்கார்ந்து இருமுவதில் எபிடியூரலை மிஞ்ச இன்னும் ஒன்றும் வரவில்லை சார். அதை முழு மனதோடு ஒத்துக்கொள்கிறேன். அறுவைவாரியாக வலி நிவாரணத்தைப் பரிந்துரைக்கும் புராஸ்பெக்ட் குழுவின் திறந்த கல்லீரல் அறுவைக்கான பரிந்துரைகள் 2021ல் வந்தன. அவற்றில் எபிடியூரல் அல்லது இருபக்கச் சாய்வு சப்காஸ்டல் டாப் பிளாக் என்றுதான் இருக்கிறது. அறுவைக்குப் பின் விரைவாக மீள்வதற்கான ஈராஸ் சங்கம் 2016லேயே திறந்த கல்லீரல் அறுவைக்கு வழக்கமாக எபிடியூரல் வேண்டாம் என்றது. இரண்டு குழுவும் வெவ்வேறு இடத்தில் நிற்பதற்குக் காரணம் வலி இல்லை. மற்ற மூன்று விஷயங்கள்.

முதலாவது ஐஎன்ஆர் (ரத்தம் உறைய ஆகும் நேரத்தைக் காட்டும் எண், ஏறினால் உறைவு தாமதம்). வலது லோப் போனபின் மிச்சம் இருப்பது 30 முதல் 40 சதவீதக் கல்லீரல். உறைபொருள் உற்பத்தி சரிகிறது. ஐஎன்ஆர் முதல் இரண்டு நாளில் உச்சத்துக்குப் போகும், 1.5ஐத் தாண்டுவது சாதாரணம், ஐந்தாம் நாளை ஒட்டித் திரும்பும். பிளேட்லெட் இரண்டாம் மூன்றாம் நாளில் அடிமட்டத்தில் இருக்கும். கதீட்டரை உருவ நினைப்பதும் அதே நாட்களில்தான். உருவும்போதும் குத்தும்போதும் ரத்தக் கட்டி அபாயம் ஏறத்தாழ ஒன்றுதான்.

ஐஎன்ஆர் ஏறியிருந்தாலும் டெக், ரோடெம் (ரத்தம் உறைவதை வரைபடமாகக் காட்டும் பரிசோதனைகள்) போட்டுப் பார்த்தால் பலருக்கு உறைவு இயல்பாகவோ சற்று அதிகமாகவோ இருக்கும். புரோட்டீன் சி போன்ற எதிர் உறைபொருட்களும் சேர்ந்தே குறைவதால் அப்படி. ஆனால் அந்த வரைபடத்தை நம்பிக் கதீட்டரை உருவலாம் என்று எந்த வழிகாட்டியும் கை கொடுக்கவில்லை. எனவே ஐஎன்ஆர் 1.5க்குக் கீழே, பிளேட்லெட் 80,000 முதல் 1 லட்சம் வரும்வரை கதீட்டர் உள்ளேயே கிடக்கும். கதீட்டரை எடுப்பதற்காக மட்டும் ஒரு ஆரோக்கியமான தானக்காரருக்கு எஃப்எஃப்பி (உறைபொருள் உள்ள பிளாஸ்மா) ஏற்றுவது எனக்கு உடன்பாடில்லை. அவர் தன் நோய்க்காக மேஜையில் படுக்கவில்லை.

இரண்டாவது ரத்த அழுத்தம். பிளக்கும்போது உதவுகிற அதே எபிடியூரல், இரவு ஐசியூவில் 80/50 காட்டும். உடனே கை போவது திரவப் பாட்டிலுக்கு. அரை லிட்டர், இன்னொரு அரை லிட்டர். மிச்சக் கல்லீரல் வீங்குகிறது, குடல் வீங்குகிறது. இன்னொரு வழி, எபிடியூரலையே நிறுத்திவிடுவார்கள். அப்போது வலிக்கு ஒன்றுமே இல்லை. போடுகிறவர்கள் பிளக்கும் வேலை முடியும்வரை டெஸ்ட் டோஸோடு நிறுத்தி வைத்து, பிறகு 0.1% ரோபிவகெயினும் மி.லி.க்கு 2 மைக்ரோகிராம் ஃபென்டனிலும் கலந்து மணிக்கு 4 முதல் 6 மி.லி. ஓட்டலாம். அழுத்தம் சரிந்தால் முதலில் அழுத்தம் ஏற்றும் நார்அட்ரினலின், திரவம் பிறகு.

மூன்றாவது, வேலை செய்யாத எபிடியூரல். ஒருபக்கம் மட்டும் மரப்பது, நழுவுவது. இது எல்லா அறுவையிலும் உள்ளதுதான்.

நரம்புத்தடம் | 6 மார்ச், காலை 7:48

இன்னும் எபிடியூரல் வைக்கும் யூனிட்டுகளுக்காக இதையும் சேர்த்துவிடுகிறேன். எனாக்ஸபாரின் 40 மி.கி. (ரத்தம் கட்டாமல் இருக்கப் போடும்) தடுப்பு ஊசி போனபின் 12 மணி நேரம் கழித்தே கதீட்டரை உருவ வேண்டும். உருவியபின் அடுத்த ஊசிக்கு 4 மணி நேரம். மார்பு மட்டத்தில் 0.1% ஓடும்போது கால் பலவீனமாகக் கூடாது. பலவீனமானால் ரத்தக் கட்டி தண்டை அழுத்துகிறதோ என்ற சந்தேகத்தோடு ஓட்டத்தை நிறுத்தி அரை மணிக்கொரு முறை காலைத் தூக்கச் சொல்லுங்கள். 4 மணி நேரத்தில் பலம் திரும்பாவிட்டால் எம்ஆர்ஐ. ஐஎன்ஆர் ஏறியிருப்பவருக்கு அந்த 4 மணி நேரமும் காத்திருக்க வேண்டாம். அறுவை மேஜைக்குக் கொண்டுபோக மொத்தம் கிடைப்பதே 8 முதல் 12 மணி நேரம்.

முதுநிலை_மயக்கம் | 6 மார்ச், இரவு 8:02

அப்படியானால் உள்வலிக்கு என்ன வழி சார்? சுவர் பிளாக் அதைத் தொடாதே.

நரம்புத்தடம் | 6 மார்ச், இரவு 10:30

தொடாது. இந்த இழையில் எல்லோரும் மனதில் வைக்க வேண்டிய வரி அதுதான். டாப், இஓஐ, ரெக்டஸ் உறை எல்லாம் சுவருக்கு மட்டும். உள்ளுறுப்பு வலி சீலியாக் பின்னல் (மேல் வயிற்றின் உள்ளே உள்ள நரம்புப் பின்னல்) வழியாக ஏறுகிறது. அதற்கு முதுகுத்தண்டு நீரில் மார்பின்.

மயக்கத்துக்கு முன், உட்காரவைத்து, எல்3-4 இடைவெளியில் 25 அல்லது 27 கேஜ் பென்சில் நுனி ஊசியால் ஒரே குத்து, 200 முதல் 300 மைக்ரோகிராம். கதீட்டர் இல்லை, அதனால் மூன்றாம் நாள் உருவும் கவலையும் இல்லை. குத்துவது ஐஎன்ஆர் இயல்பாக இருக்கும் காலையில். சிம்பதெடிக் தடை இல்லாததால் அழுத்தமும் சரியாது. 18 முதல் 24 மணி நேரம் தாங்கும். நீங்கள் சொன்ன அந்த நள்ளிரவைக் கடக்க இது போதும்.

கலக்கும் விதத்தை எழுத்தில் ஒட்டி வையுங்கள். ஆம்பூலில் 1 மி.லி.யில் 10 மி.கி. இருக்கிறது, பிரிசர்வேட்டிவ் இல்லாதது என்று மேலே அச்சிட்டிருக்க வேண்டும். அதை உப்பு நீரால் 10 மி.லி. ஆக்கினால் 1 மி.லி.யில் 1 மி.கி. அதிலிருந்து 1 மி.லி. மட்டும் புதுச் சிரிஞ்சில் எடுத்து மறுபடி 10 மி.லி. ஆக்கினால் 1 மி.லி.யில் 100 மைக்ரோகிராம். இந்த இரண்டாம் சிரிஞ்சிலிருந்து 2 அல்லது 3 மி.லி. ஆபத்து எங்கே என்றால், முதல் சிரிஞ்சும் 10 மி.லி., இரண்டாம் சிரிஞ்சும் 10 மி.லி., இரண்டும் தெளிந்த நீர், இரண்டும் ஒரே தட்டில். மாறினால் பத்து மடங்கு போய்விடும். இரண்டாம் சிரிஞ்ச் கலந்த கையோடு முதல் சிரிஞ்சில் உள்ளதை விதிப்படி அழித்துப் பதிவு செய்யுங்கள். தட்டில் அது இருக்கவே கூடாது. 15 மி.கி. ஆம்பூலும் புழக்கத்தில் உண்டு, அப்போது இந்தக் கணக்கு முழுக்க மாறும். லேபிளைச் சத்தமாக வாசித்து இன்னொருவர் கேட்க வேண்டும்.

நரம்புத்தடம் | 7 மார்ச், காலை 6:40

மார்பின் 300 மைக்ரோகிராம் என்றதற்கு ஒரு வரம்பு வைக்கிறேன். டோனர்களில் 50 கிலோவை ஒட்டிய பெண்கள் நிறையப் பேர். அவர்களுக்கு 200 போதும். அதற்கு மேல் போனால் வலி அவ்வளவாகக் குறைவதில்லை, அரிப்பும் வாந்தியும் மூச்சு மந்தமும்தான் கூடுகின்றன. மார்பின் கொடுத்தவருக்கு பிசிஏவில் பின்னணி ஓட்டம் கூடாது, பொத்தான் மட்டும். தூக்க மாத்திரையும் இரவில் வேண்டாம்.

ஐசியூ_தாதி | 7 மார்ச், மாலை 4:25

சார், எங்களுக்கு வரும் ஆர்டரில் "மூச்சு கவனிக்கவும்" என்று மட்டும் இருக்கிறது. எவ்வளவு நேரத்துக்கு ஒருமுறை? ஆக்சிஜன் அளவு 98 இருந்தால் போதுமா? இன்னொன்று, வயிறு வலிக்கவில்லை, வலது தோள்தான் குடைகிறது என்று அழுகிறவர்களுக்கு பிசிஏ அழுத்தச் சொல்லிச் சொல்லியே விடிகிறது.

நரம்புத்தடம் | 7 மார்ச், இரவு 9:10

சிஸ்டர், ஆர்டர் இப்படி எழுதப்பட வேண்டும்: முதல் 12 மணி நேரம் மணிக்கொரு முறை, அடுத்த 12 மணி நேரம் இரண்டு மணிக்கொரு முறை, மூச்சு எண்ணிக்கையும் தூக்கக் கலக்கமும் சேர்த்து. மூச்சை முழு ஒரு நிமிடம் கையால் எண்ணுங்கள். மானிட்டர் காட்டும் எண்ணை எழுத வேண்டாம். ஆக்சிஜன் ஓடும்போது 98 என்பது எதையும் சொல்லாது. கார்பன் டைஆக்சைடு ஏறி ஆள் மயங்கும்வரை அந்த எண் அழகாகவே இருக்கும். முதலில் மாறுவது விழிப்பு. பேர் சொல்லிக் கூப்பிட்டால் கண் திறந்து, பேசிக்கொண்டிருக்கும்போதே தூங்கிப் போனால் உடனே கூப்பிடுங்கள், எண்ணிக்கை 10 இருந்தாலும். மார்பினை முறிக்கும் நேலக்ஸோன் 400 மைக்ரோகிராம் ஆம்பூலை 10 மி.லி. ஆக்கி 1 முதல் 2 மி.லி. வீதம், முழு ஆம்பூலையும் ஒரேயடியாக ஏற்றினால் வலி மொத்தமும் ஒரு நொடியில் திரும்பும். அதன் வேலை மார்பினைவிடச் சீக்கிரம் முடிந்துவிடும், அரை மணி கழித்து மீண்டும் பார்க்க வேண்டும். அரிப்புக்கு நால்பூஃபின் 2 முதல் 3 மி.கி. சிரை வழியாக. மூக்கைச் சொறிவதற்கு அவில் (தூக்கம் தரும் அரிப்பு மருந்து) போட்டுத் தூங்கவைத்தால் தூக்கம் எதனால் வந்தது என்று தெரியாமல் போகும்.

தோள் வலி உதரவிதானத்திலிருந்து. வலது லோபைப் பிரிக்கும்போது உதரவிதானத்தின் அடிப்பரப்பு முழுக்க உரசப்படுகிறது. அதன் நடுப்பகுதிக்கு ஃப்ரெனிக் நரம்பு, சி3 முதல் சி5 வரை. தோளுக்கும் அதே வேர்கள். வயிற்றில் போடும் எந்த பிளாக்கும், மார்பு எபிடியூரலும்கூட, இங்கே எட்டாது. பிசிஏவும் பெரிதாக உதவாது. பாராசிட்டமால், தலைப்பக்கத்தைச் சற்று இறக்குவது, கெட்டோரோலாக் (மார்பின் வகை அல்லாத வலி மருந்து) கொடுக்கத் தகுதி இருந்தால் அது. "பிளாக் ஃபெயில்" என்று எழுதாமல் "தோள் வலி" என்று எழுதுங்கள், காலையில் வருகிறவருக்கு அது பெரிய உதவி.

நரம்புத்தடம் | 9 மார்ச், மதியம் 1:15

மருந்தளவைக் கூட்டிப் பார்க்கும் விஷயம். இதை யாரும் கேட்கவில்லை, ஆனாலும் எழுதியாக வேண்டும்.

60 கிலோ டோனர். மயக்கத்துக்குப் பின் இஎஸ்பி இருபுறமும் 20 மி.லி. 0.2% என்றால் 80 மி.கி. ரோபிவகெயின். உச்ச வரம்பு கிலோவுக்கு 3 மி.கி., அதாவது 180. இதில் 44% செலவு. முடியும் நேரத்தில் சர்ஜன் காயத்தில் 0.5% புபிவகெயின் 20 மி.லி. விடுகிறார். அது 100 மி.கி., வரம்பு கிலோவுக்கு 2 மி.கி. வீதம் 120. இதில் 83%. இரண்டும் வேறு மருந்து, வேறு சார்ட், ஆனால் நஞ்சு ஒன்றாகத்தான் சேரும்: 127%. இத்தனைக்கும் இந்த வரம்பு முழுக் கல்லீரல் உள்ளவருக்கு. ரோபிவகெயினும் புபிவகெயினும் கல்லீரலில்தான் சிதைகின்றன. பிரிங்கிள் (கல்லீரலுக்கு வரும் ரத்தத்தைச் சற்று நேரம் நெரித்து நிறுத்துவது) போட்டு அவிழ்த்த, பாதிக்கும் மேல் இழந்த கல்லீரல் அதைச் சிதைக்கும் வேகம் குறைவு. ரோபிவகெயினை கிலோவுக்கு 2 மி.கி.யில் நிறுத்துவேன். டைம்-அவுட் (கீறலுக்கு முன் எல்லோரும் செய்யும் சரிபார்ப்பு) போதே சர்ஜனிடம் "காயத்தில் மரப்பு மருந்து விடுவீர்களா, எவ்வளவு?" என்று கேட்டு எழுதிக்கொள்வது நல்லது.

சிலர் இதன் மேல் லிக்னோகெயின் என்ற இன்னொரு மரப்பு மருந்தைச் சிரை வழியாக ஓட்டவும் செய்கிறார்கள். பிளாக் போட்டவருக்கு லிக்னோகெயின் ஓட்டம் வேண்டாம். பிளாக் முடிந்து 4 மணி நேரத்துக்குள் தொடங்கக் கூடாது என்பது பொது விதி. கல்லீரல் வெட்டியவருக்குத் தொடங்காமலே இருப்பது மேல்.

மரப்பு மருந்து நஞ்சானால் அதை முறிக்கும் 20% லிப்பிட் (கொழுப்புக் கரைசல்) பாட்டில் தியேட்டரிலும் ஐசியூவிலும் கைக்கெட்டும் இடத்தில் இருக்க வேண்டும். 60 கிலோவுக்கு முதல் தவணை 90 மி.லி. இரண்டு மூன்று நிமிடத்தில், பிறகு நிமிடத்துக்கு 15 மி.லி. மொத்தம் கிலோவுக்கு 12 மி.லி.யைத் தாண்டக் கூடாது. அட்ரினலின் கொடுத்தால் கிலோவுக்கு 1 மைக்ரோகிராமுக்கு உள்ளே. மயக்க மருந்தான புரபஃபாலும் வெள்ளையாக இருக்கிறது என்பதற்காக அதை லிப்பிடுக்குப் பதில் கொடுக்க முடியாது. இதயத்தை இன்னும் அழுத்தும்.

வயிற்றறுவை | 9 மார்ச், இரவு 10:05

காயத்தில் விடுவதை நிறுத்திவிட்டுக் கதீட்டர் வைத்துத் தரட்டுமா? மூடும்போது தசை அடுக்கு எங்கள் கண் முன்னே திறந்துதானே இருக்கிறது.

நரம்புத்தடம் | 10 மார்ச், காலை 7:05

வைத்துத் தாருங்கள் சார், அதைவிட நல்லது இல்லை. அறுவை முடிந்தபின் அல்ட்ராசவுண்டில் பார்த்தால் காற்றும் வீக்கமும் வெட்டுப்பட்ட ரெக்டஸும் கலந்து அடுக்கே தெரிவதில்லை. நீங்கள் கண்ணால் பார்த்து வைப்பது நிச்சயம். டொரொண்டோவில் நடந்து 2018ல் வெளியான மோடாப் ஆய்வு இந்த வழியைத்தான் பரிசோதித்தது, ஓபியாய்டு (மார்பின் வகை மருந்து) தேவை குறைந்தது.

இரண்டு கதீட்டர். ஒன்று வலது ரெக்டஸுக்குப் பின்னால், பின்னுறைக்கு முன்னால். இன்னொன்று இன்டர்னல் ஆப்ளிக்குக்கும் (உள் சாய்வுத் தசை) டிரான்ஸ்வர்ஸஸுக்கும் நடுவே, வெட்டுக்கு வெளிப்பக்கம். அந்த வெளிப்பக்கம் முக்கியம்: நரம்பு விலாவிலிருந்து நடுப்பக்கம் நோக்கி ஓடுகிறது, வெட்டைத் தாண்டி உள்பக்கம் மருந்து விட்டால் ஏற்கெனவே அறுந்த நுனியைத்தான் நனைப்போம். தையல் கதீட்டரைக் குத்தாமல் இருக்க, மூடிய பிறகு 5 மி.லி. உப்பு நீர் தள்ளிப் பார்த்துவிட்டு டிரஸ்ஸிங் போட வேண்டும். தள்ளவே முடியாவிட்டால் தையல் நெரிக்கிறது.

தொடர் ஓட்டத்தைவிட இடைவெளி விட்டு மொத்தமாகத் தள்ளுவது மேல். அடுக்கைத் திறந்து பரப்ப அழுத்தம் வேண்டும். மணிக்கு 5 மி.லி. சொட்டினால் நுனியைச் சுற்றியே தேங்கும். கதீட்டருக்கு 10 மி.லி. 0.2% வீதம் 6 மணிக்கொரு முறை என்றால் நாளொன்றுக்கு 160 மி.கி., 60 கிலோவுக்கு மணிக்குக் கிலோவுக்கு 0.11 மி.கி. மிச்சக் கல்லீரல் இதைத் தாங்கும்.

முதுநிலை_மயக்கம் | 10 மார்ச், மாலை 5:30

லேப்ராஸ்கோபியில் எடுத்தால் இதெல்லாம் வேண்டாம்தானே சார்? சின்னச் சின்னத் துளைகள்தான்.

நரம்புத்தடம் | 10 மார்ச், இரவு 11:00

துளைகள் சின்னவை, ஆனால் கல்லீரல் வெளியே வர வேண்டுமே. அடிவயிற்றில் ஃபானன்ஸ்டீல் கீறல் (கிடைமட்டக் கீறல்) வழியாக எடுக்கிறார்கள், அது டி12, எல்1. டி8ல் போட்ட இஎஸ்பி அங்கே இறங்காது. விழித்ததும் கையை வைத்துக் காட்டுவது அடிவயிற்றைத்தான். அதற்கு இலியோஇங்குவினல், இலியோஹைப்போகாஸ்ட்ரிக் நரம்புகளை இடுப்பெலும்பின் முன் நுனிக்கு அருகே பக்கத்துக்கு 10 மி.லி. கொடுத்துப் பிடிக்கலாம். தோள் வலியும் இதில் கூடுதல், வாயு மிச்சம் இருப்பதால். மார்பின் இங்கேயும் பொருந்தும், 200க்கு மேல் தேவைப்படாது.

நரம்புத்தடம் | 12 மார்ச், காலை 6:30

மாத்திரை, சிரை ஊசிப் பக்கம் சுருக்கமாக. பாராசிட்டமால் பயந்து முழுக்க நிறுத்த வேண்டாம், 500 மி.கி. 6 மணிக்கொரு முறை, நாளொன்றுக்கு 2 கிராம். ஐஎன்ஆரும் பிலிருபினும் சேர்ந்து ஏறிக்கொண்டே போனால் நிறுத்துங்கள். கெட்டோரோலாக் போன்றவை முதல் நாள் வேண்டாம். டிரெயின் தெளிந்து, கிரியாட்டினின் இயல்பாக, பிளேட்லெட் 1 லட்சத்துக்கு மேல் இருந்தால் 15 மி.கி. வீதம் ஓரிரு நாள். சிரோசிஸ் உள்ளவருக்குக் கட்டி அகற்றிய அறுவை என்றால் எந்த நாளும் வேண்டாம். டிரமடால் உடலில் மாறினால்தான் முழுப் பலன், அந்த மாற்றம் கல்லீரலில், எனவே நம்ப முடியாது. பெத்திடின் பேச்சே வேண்டாம்.

மார்பின் கிடைக்கவில்லை என்ற காரணத்தால் இஎஸ்பியோடு நிறுத்தும் மருத்துவமனைகள் நம்மூரில் உண்டு. 1985 போதைப்பொருள் சட்டம் 2014ல் திருத்தப்பட்டபின் மார்பின், ஃபென்டனில் உள்பட ஆறு மருந்துகளுக்கு மாநில மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரியிடம் ஒரே அங்கீகாரம் போதும். விண்ணப்பித்தால் கிடைக்கும். கல்லீரலை வெட்டும் வசதி உள்ள இடத்தில் மார்பின் இல்லை என்பதை நோயாளி ஏன் சுமக்க வேண்டும்?

ஐசியூ_தாதி | 12 மார்ச், இரவு 8:45

சுவர்க் கதீட்டரை எப்போது எடுப்பது சார்? அதற்கும் ஐஎன்ஆர் பார்க்க வேண்டுமா?

நரம்புத்தடம் | 12 மார்ச், இரவு 9:20

டாப் அடுக்கு, ரெக்டஸ் உறை, இஓஐ, இஎஸ்பி எல்லாம் மேலோட்டமானவை. கசிந்தாலும் கையால் அழுத்தலாம். எபிடியூரல் விதி இவற்றுக்கு இல்லை. பாராவெர்டிப்ரலும் க்யூஎல்லும் (இடுப்பின் ஆழ்தசையை ஒட்டிப் போடும் பிளாக்) ஆழமானவை, அவற்றுக்கு எபிடியூரல் விதியே.

எடுப்பது பெரும்பாலும் மூன்றாம் நாள் காலை, 72 மணி நேரத்தை ஒட்டி. முதலில் ஒரு தவணையைத் தவிர்த்துப் பாருங்கள். 8 மணி நேரம் கழித்து உட்காரவைத்து மூச்சுப் பயிற்சிக்கான மூன்று பந்துக் கருவியை இழுக்கச் சொல்லுங்கள். இரண்டு பந்து மேலே நின்று, இருமும்போது வலி 4க்குள் இருந்தால் எடுக்கலாம். ஒரு பந்தோடு முகம் சுளித்தால் இன்னும் ஒரு நாள் வையுங்கள். வலது கீழ் நுரையீரல் மூடிக்கொள்வது இந்த நாட்களில்தான். எடுப்பதற்கு அரை மணி முன் பாராசிட்டமால். பிசின் பட்டையைத் தோலோடு ஒட்டிப் பக்கவாட்டில் உரியுங்கள். கதீட்டர் வரமாட்டேன் என்றால் இழுக்காதீர்கள், சர்ஜனைக் கூப்பிடுங்கள். வந்தால் நுனி முழுதாக இருக்கிறதா என்று இரண்டு பேர் பார்த்து எழுத வேண்டும். துளையில் 5 நிமிடம் அழுத்தம், ஐஎன்ஆர் 1.5க்கு மேல் என்றால் 10 நிமிடம்.

கதீட்டர் துளையைச் சுற்றிச் சிவந்திருந்தாலோ, 38.5க்கு மேல் காய்ச்சல் இருந்தாலோ மூன்றாம் நாளுக்குக் காத்திருக்க வேண்டாம், அன்றே எடுத்து நுனியைக் கல்ச்சருக்கு அனுப்புங்கள்.